குரூப் எடுப்பதற்கு முன்னால் பிள்ளைகளிடம் இதையும் சொல்லுங்கள்

நீலகிரி மாவட்டத்துப் பள்ளி ஆசிரியர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில் (படுகர் கிராமம்) பிறந்து, பக்கத்துப் பள்ளியிலேயே பிளஸ் டூ வரை படித்தவள். லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர், அதாவது சரிவு, மண், தண்ணீர், செடி எல்லாம் பார்த்து திறந்தவெளி இடங்களை வடிவமைக்கிற படிப்பு, படித்துவிட்டு இப்போது அந்த வேலையில்தான் இருக்கிறேன். எனக்கு வழி கிடைத்ததற்குக் காரணம் பிளஸ் ஒன்னில் மேத்ஸ் எடுத்தது மட்டும்தான், அதுவும் அண்ணன் எடுத்தான் என்பதற்காக எடுத்தது. என்னைவிட நன்றாக வரைகிற என் தோழி, மலையைப் பார்த்தால் பத்து நிமிடத்தில் சரிவும் ஓடையும் அப்படியே பேப்பரில் வந்துவிடும், அவள் கணிதம் இல்லாத ப்யூர் சயின்ஸ் குரூப் எடுத்தாள். இப்படி ஒரு படிப்பு இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் பிளஸ் டூவில்தான் தெரிந்தது. கேட்டபோது எங்கள் பள்ளியில் கிடைத்த பதில், "அது தோட்ட வேலைதானேம்மா, அதுக்கு எதுக்கு காலேஜ்?" சொன்னவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் என் தோழிக்கு அந்தக் கதவு இரண்டு வருடம் முன்பே மூடிப்போயிருந்தது. அதனால்தான் இந்த மடல்.

முதலில் முக்கியமானது. நம் நாட்டில் இதற்கு வழக்கமான வழி, ஐந்து வருட பி.ஆர்க். (கட்டடக்கலை இளநிலைப் படிப்பு) முடித்துவிட்டு இரண்டு வருட முதுகலை. பி.ஆர்க். சேர பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் கட்டாயம், நாட்டா நுழைவுத் தேர்வும் எழுத வேண்டும். திருச்சி என்.ஐ.டி. மாதிரி இடங்களுக்கு ஜே.இ.இ.யில் ஆர்க்கிடெக்சருக்கென்று இருக்கிற தாள். கணிதத்தோடு மூன்று வருட டிப்ளமோ முடித்தவர்களும் சேரலாம், இதைப் பாலிடெக்னிக் போகிற பிள்ளைகளிடம் யாரும் சொல்வதே இல்லை. முதுகலைக்கு டெல்லி எஸ்.பி.ஏ., அகமதாபாத் செப்ட், சென்னையில் அண்ணா பல்கலைக்கழகம் என்று இடங்கள் இருக்கின்றன. ஆக, பத்தாவது முடித்து குரூப் ஃபார்ம் நிரப்பும் அன்றைக்கே பாதி முடிவாகிவிடுகிறது.

கணிதம் எடுக்காத பிள்ளைக்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது, ஆனால் வேறு வழி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் தோட்டக்கலையோ, கீழே மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் வனவியலோ படித்துவிட்டு, செடி, மண், காடு என்ற பக்கமிருந்து இதே துறைக்குள் வரலாம். ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள முடியாது, ஆனால் நல்ல லேண்ட்ஸ்கேப் ஆபீஸ் ஒவ்வொன்றுக்கும் செடி தெரிந்த ஒருவர் தேவை.

சரி, அப்படி என்னதான் படிக்கிறோம்? மே மாதம் மலர்க் கண்காட்சிக்குப் பிள்ளைகளை ஊட்டி தாவரவியல் பூங்காவுக்குக் கூட்டிப்போவீர்கள். எல்லோரும் பூவைப் பார்க்கிறோம், போட்டோ எடுக்கிறோம். அடுத்த முறை மேல்தளம் வரை ஏறவிட்டு, அங்கிருந்து கீழே பார்க்கச் சொல்லுங்கள். லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தில் பயிற்சி பெற்ற மெக்ஐவர் 1848இல் வந்து வேலையைத் தொடங்கியபோது அந்தத் தொட்டபெட்டா அடிவாரம் மேலே காடும் கீழே சதுப்புமாகக் கிடந்தது. தண்ணீரை வழிப்படுத்தி, சரிவைத் தட்டுத் தட்டாகப் பிரித்து, பாதை எந்த வளைவில் போனால் மூச்சு வாங்காமல் ஏறலாம் என்று பார்த்து 22 ஹெக்டேரை உருவாக்கினார்கள். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கை வடிவமைப்பதற்கான போட்டியில் ஓம்ஸ்டெட், வாக்ஸ் என்ற இருவர் வென்றது 1858இல். ஹார்வர்டில் இது தனிப் படிப்பானது 1900இல். அதற்கெல்லாம் முன்பே நம் ஊரில் இந்த வேலை நடந்திருக்கிறது. பூ அதில் கடைசியில் வருவது. முதலில் வருவது சரிவு, மண், தண்ணீர்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் தேயிலைக் காட்டுக்கு மேலே ரோட்டோரம் ஒரு தடுப்புச் சுவர் இருந்தது. நான் எட்டாவது படிக்கும்போது ஒரு ராத்திரி மழையில் அது அப்படியே எங்கள் காட்டுக்குள் சரிந்து, இரண்டு வரிசைச் செடி மண்ணுக்குள் போய்விட்டது. மழை அதிகம், விதி, என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். பி.ஆர்க். மூன்றாம் வருடம் வகுப்பில் சுவரைப் படம் போட்டு விளக்கும்போதுதான் எங்கள் சுவர் கண்ணில் வந்தது. அதில் நீர் வடிகிற துளை ஒன்றுகூட இல்லை. பின்னால் ஜல்லி நிரப்பவில்லை, மேட்டில் தண்ணீரைத் திருப்பிவிட வாய்க்கால் இல்லை. மண்ணுக்குள் இறங்கிய தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் சுவரைத் தள்ளியிருக்கிறது. அன்றைக்கு வகுப்பில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

2009 நவம்பர் நிலச்சரிவில் நம் மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அப்படி ஒரு மழையை எந்தப் படிப்பும் நிறுத்தாது. ஆனால் எந்தச் சரிவை வெட்டலாம், எதைத் தொடவே கூடாது, ஓடை எங்கே அகலமாக ஓட இடம் கேட்கிறது, எந்த இடத்தில் கட்டடம் வேண்டாம் என்பதை முன்கூட்டியே வரைபடத்தில் பார்க்க முடியும். இயான் மெக்ஹார்க் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு, மண், சரிவு, நீர், தாவரம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனி ஒளிபுகும் தாளில் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையை 1960களில் பரப்பினார். இன்று அதையே கம்ப்யூட்டரில் ஜி.ஐ.எஸ். என்ற வரைபட மென்பொருள் வைத்துச் செய்கிறோம். புவியியல் வகுப்பில் நீங்கள் நடத்துகிற சமஉயரக் கோடுகள்தான் எங்களுக்குத் தினசரிச் சோறு.

வேலை எங்கே என்று பெற்றோர் கேட்பார்கள். தனியார் ஆபீஸ்கள், கல்லூரி வளாகங்கள், ஆஸ்பத்திரி, குடியிருப்பு, நகராட்சிப் பூங்கா, ஏரிக்கரை, நெடுஞ்சாலைச் சரிவு, சீரழிந்த நிலத்தை மீட்பது. சென்னை அடையாறு முகத்துவாரத்தில் இடிபாடும் குப்பையுமாகக் கிடந்த 58 ஏக்கர் சதுப்பு 2011இல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. அந்த மீட்பில் பெரும் பங்கு ஆரோவில் பக்கத்துக்காரர்களுடையது. இங்கே நம் கண் முன்னால் கோத்தகிரி லாங்வுட் சோலை 2024இல் ராம்சர் இடமாகியிருக்கிறது, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற பட்டியலில் சேர்ந்திருக்கிறது. 116 ஹெக்டேர்தான், ஆனால் சுற்றியிருக்கிற கிராமங்களுக்குக் குடிதண்ணீர் அங்கிருந்து வருகிறது. சோலையும் புல்வெளியும் மழையைப் பிடித்து மெதுவாக விடுகிறது என்பதை நம் பிள்ளைகள் பார்த்தே வளர்கிறார்கள். சீகை மரம் (வெளிநாட்டிலிருந்து வந்த வாட்டில்) வந்த புல்வெளியில் ஊற்று என்னவாயிற்று என்று அவர்கள் தாத்தாவைக் கேட்டால் சொல்வார். இந்த அறிவோடு கல்லூரிக்குப் போகிற பிள்ளை முதல் வருடமே முன்னால் நிற்கும்.

கஷ்டத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். மொத்தம் ஏழு வருடம், பச்சைத் தேயிலை விலை இருக்கிற நிலையில் அது வீட்டுக்குப் பெரிய பாரம். ஆரம்பச் சம்பளம் ஐ.டி.க்குப் போன தோழியைவிடக் குறைவாகத்தான் இருக்கும், எனக்கு இருந்தது. 1972 ஆர்க்கிடெக்ட் சட்டத்தில் லேண்ட்ஸ்கேப்புக்கு என்று தனிப் பதிவு கிடையாது, பி.ஆர்க். முடித்து ஆர்க்கிடெக்டாகத்தான் பதிய வேண்டும். அதனால் பி.ஆர்க். முடித்ததும் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு முதுகலைக்குப் போவதுதான் நல்லது என்பது என் கருத்து. கையில் கொஞ்சம் காசும் இருக்கும், கேள்வியும் இருக்கும்.

நான் கேட்பது ஒன்றுதான். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வருவதற்கு முன் ஒரு மணி நேரம் கொடுங்கள். மாவட்டத்தில் எந்தப் பள்ளியாக இருந்தாலும் சனிக்கிழமை என் செலவிலேயே வருகிறேன். அட்டையில் வெட்டி ஒட்டிய கோத்தகிரி மலை மாடல் ஒன்று என்னிடம் இருக்கிறது, அதில் மேலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினால் எந்த ஹட்டிப் பக்கம் ஓடுகிறது என்று பிள்ளைகளே பார்க்கலாம். வரையத் தெரிந்த பிள்ளைகளை முன் பெஞ்சில் உட்கார வையுங்கள்.

அன்புடன்,
கோத்தகிரியிலிருந்து உங்கள் பழைய மாணவி