ஜோ என்பவள் யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பற்றிய கட்டுரையை ஆவலோடு படித்தேன். 'ஜான் ஆண்டர்சன், மை ஜோ' என்ற பாடலை 'ஜான் ஆண்டர்சனும் என் காதலி ஜோவும்' என்று மொழிபெயர்த்திருந்ததைப் பார்த்ததும் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அந்தப் பாட்டில் ஜோ என்று ஒரு பெண்ணே கிடையாது. பாடுபவள் மனைவி. அவள் 'ஜோ' என்று கொஞ்சுவது கணவன் ஜான் ஆண்டர்சனைத்தான்.

கட்டுரையாளரைக் குறை சொல்லி என்ன பயன்? நானும் இப்படி ஏமாந்தவன்தான். ஒருமுறை, எழுத்துகளை அடுக்கிச் சொல் கட்டும் ஸ்கிராபிள் ஆட்டத்தில் என் பேத்தி ஜே, ஓ என்று இரண்டே எழுத்தை வைத்துவிட்டு ஒன்பது புள்ளி கேட்டாள். முப்பது வருடம் ஆங்கிலம் நடத்திய கர்வத்தில் அப்படி ஒரு சொல்லே இல்லை என்று அடித்துச் சொன்னேன். அகராதியைப் புரட்டினால், 'ஸ்காட்லாந்து வழக்கு. அன்புக்குரியவர்' என்று இருந்தது.

மகிழ்ச்சியைக் குறிக்கும் 'ஜாய்' என்ற சொல்தான் இது. பழைய பிரெஞ்சிலிருந்து வந்த அந்தச் சொல் ஸ்காட்ஸ் மொழியில் வால் தேய்ந்து 'ஜோ' ஆயிற்று. என் மகிழ்ச்சியே என்று அழைத்தது, நாளடைவில் மகிழ்ச்சி தரும் ஆளுக்கே பெயராகிவிட்டது. ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும்.

ஜான் ஆண்டர்சன் பாட்டும் பர்ன்ஸுக்கு முந்தியது. பழம்பாடல்களைத் தொகுத்த தாமஸ் பெர்சி 1765இல் அச்சிட்ட பழைய வடிவத்தில், இந்த வழியாகப் போகும்போது உள்ளே வா, ஆட்டுத்தலையை மாவுக்குள் வைத்துச் சுட்டுத் தருகிறேன் என்று ஒருத்தி ஆசைகாட்டுகிறாள். இன்னொரு வடிவம் பச்சையான கொச்சை. கணவனுக்கு முன்போல் முடியவில்லை என்று மனைவி புலம்புவது. அதை இங்கே எழுத முடியாது. 1790இல் ஜேம்ஸ் ஜான்சனின் இசைத் தொகுப்பில் வெளிவந்த பர்ன்ஸின் வடிவத்தில் அதே மனைவி, அதே விளிதான். ஆனால் கருகருவென்றிருந்த முடி இப்போது பனியாய் வெளுத்திருக்கிறது. சேர்ந்து மலையேறினோம், இனி கைகோத்துத் தள்ளாடி இறங்குவோம், அடிவாரத்தில் சேர்ந்தே உறங்குவோம் என்கிறாள். நேற்றுவரை கேலிக்கு உதவிய 'ஜோ'வை எட்டே வரிகள் கொண்ட இரண்டு பத்திகளில் பர்ன்ஸ் எங்கே கொண்டுபோய் வைத்துவிட்டார்!

இன்னொன்றும் உண்டு. புத்தாண்டு இரவில் உலகமே பாடும் பர்ன்ஸின் 'ஆல்ட் லாங் சைன்' பாட்டின் பல்லவியில், 1796இல் அச்சானபோது, 'மை ஜோ' என்றுதான் இருந்தது. அங்கே அழைக்கப்படுவது காதலியும் இல்லை, கணவனும் இல்லை. சிறு வயதில் கூடவே ஓடையில் கால் நனைத்த பழைய நண்பன். 1799இல் பாடல் தொகுப்பாளர் ஜார்ஜ் தாம்சன் வெளியிட்ட பதிப்பில் அந்த இடத்தில் 'மை டியர்' வந்து உட்கார்ந்தது. இன்று பெரும்பாலோர் பாடுவது அதைத்தான். என்னைக் கேட்டால் அது நஷ்டம்தான். 'டியர்' கடிதத்தில் கடன்காரனுக்கும் போடுகிற சொல்லாயிற்றே.

தமிழில் இதற்கு என்ன சொல்லலாம்? 'காதலி', 'காதலன்' இரண்டும் ஒட்டாது. எனக்குத் தோன்றுவது 'ராசா'. பெற்ற பிள்ளையையும் கட்டிய கணவனையும் கூடப் பழகியவனையும் நம் ஊர்ப் பெண்கள் அப்படி அழைப்பதுண்டு. காரியம் ஆக வேண்டுமென்றால் முன்பின் தெரியாதவனையும் அழைப்பார்கள். பெண்ணுக்கு என்றால் வேறு சொல் தேட வேண்டும் என்பது ஒரு குறைதான்.

அடுத்த இதழில் திருத்தம் போட இடமிருந்தால், அந்தக் 'காதலி'யை மட்டும் எடுத்துவிடுங்கள். பாவம், ஜான் ஆண்டர்சனுக்கு வழுக்கை விழுந்த வயது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர்,
கும்பகோணம்