கோத்தகிரியில் வீடு எடுப்பது பற்றி, சண்முகத்துக்கு

கோயம்புத்தூர்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் நேற்று வந்தது. பேரன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான் என்பதையும், அவனைத் தூக்கிக்கொண்டு மகளும் மருமகனும் மே மாதம் ஊருக்கு வருகிறார்கள் என்பதையும் நான் படித்துச் சொன்னதும், சாரதா கடிதத்தை என் கையிலிருந்து வாங்கித் தானே ஒருமுறை படித்தாள். அவளுடைய முழங்கால் வலி இப்போது பெருமளவு குறைந்திருக்கிறது. நாங்கள் தை மாதம் மலையில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கியதைக் கேள்விப்பட்டு, உன் குடும்பத்துக்கும் ஊட்டி ஏரிக்குப் பக்கத்தில் ஒரு காட்டேஜ் பார்த்துச் சொல்லும்படி கேட்டிருக்கிறாய். நன்றாக யோசித்தே எழுதுகிறேன்: ஊட்டி வேண்டாம், கோத்தகிரிக்கு வா. அங்கும் ஜன்னலில் தெரியும் காட்சியை வைத்து வீட்டை முடிவு செய்யாதே. தண்ணீரையும் சரிவையும் பார்த்து முடிவு செய்.

ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர்தான். கைக்குழந்தைக்கும் வயதான உன் அம்மாவுக்கும் அந்த வித்தியாசம் பெரியது. மேட்டுப்பாளையத்திலிருந்து சுமார் 33 கிலோமீட்டர் ஏறினால் ஊர் வந்துவிடும். மழையின் போக்கும் அங்கே வேறு. தொட்டபெட்டா சிகரத்துக்குக் கிழக்கே இருப்பதால், ஆனி ஆடியில் மேற்கே உள்ள கூடலூரும் அவலாஞ்சியும் தென்மேற்குப் பருவமழையில் ஊறிக்கொண்டிருக்கும் நாட்களில் கோத்தகிரியில் மழை குறைவாகவே இருக்கும். ஐப்பசி கார்த்திகையில் நிலைமை தலைகீழாகிவிடும். வடகிழக்குப் பருவமழை முதலில் அறைவது அந்தக் கிழக்குச் சரிவுகளைத்தான். 2009 நவம்பரில் நீலகிரியில் நேர்ந்த மண்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தது உனக்கும் நினைவிருக்கும்.

சரிவைப் பார் என்று நான் சொல்வது அதனால்தான். மலையை வெட்டி மட்டம் செய்து கட்டிய வீடுகளுக்குப் பின்புறம் தடுப்புச் சுவர் இருக்கும். அதில் சிறு குழாய்களை வரிசையாகப் பதித்திருக்கிறார்களா என்று கவனி. மண்ணுக்குள் இறங்கும் மழைநீர் அந்தக் குழாய்கள் வழியாக வெளியேற வேண்டும். வழியில்லாமல் தேங்கினால், நீரின் அழுத்தம் சுவரையே முன்னால் தள்ளிவிடும். நாங்கள் தங்கிய வீட்டில், மழை ஓய்ந்த தை மாதத்திலும் கீழ் வரிசைக் குழாய்களின் வாயில் ஈரம் கசிந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் கீழே பாசி ஒரு பச்சைக் கோடாகத் தரைவரை இறங்கியிருந்தது. அந்தக் கசிவைப் பார்த்த பிறகுதான் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது. அதற்கு முன் பார்த்த வேறொரு வீட்டில், பள்ளத்தாக்கைப் பார்த்தபடி சுவர் முழுக்கக் கண்ணாடி வைத்திருந்தார்கள். பின்சுவரில் குழாய் ஒன்றுகூட இல்லை, விரிசலுக்குப் புது சிமென்ட் பூசியிருந்தார்கள். வாடகை குறைவு என்று சொன்னபோதும் நாங்கள் அதை எடுக்கவில்லை.

அடுத்தது தண்ணீர். மே மாதத்தில் மலையில் தண்ணீர் இருக்காதா என்று சமவெளிக்காரர்கள் எளிதாக நினைத்துவிடுகிறோம். கோடையில் ஊற்றுகள் மெலிந்துபோகும். காட்டேஜ்கள் பெருகிய பகுதிகளில் லாரித் தண்ணீரை நம்பித்தான் பலர் காலம் தள்ளுகிறார்கள். ஊருக்கு அருகே லாங்வுட் சோலை என்று 116 ஹெக்டேர் பரப்பில் ஒரு பழைய காடு இருக்கிறது. சுற்றியுள்ள கிராமங்கள் பலவற்றுக்கு அதுதான் குடிநீர் ஆதாரம். 2024இல் அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. அங்கே ஒருநாள் காலையில் நடந்து பார். மேலே வெயில் காய்ந்தாலும் உள்ளே தரை பஞ்சாக ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். தேயிலைக்கும் கட்டடத்துக்கும் இப்படிப்பட்ட சோலைகளை அழித்த இடங்களில்தான் இன்று லாரி ஓடுகிறது என்பதை எண்ணும்போது எனக்கு மனம் பொறுக்கவில்லை. ஆகவே வீட்டுக்காரரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என்பதே. நேரடியாகப் பதில் சொல்லாதவருக்கு அட்வான்ஸ் கொடுக்காதே.

உரிமம் பற்றியும் கேள். குடியிருப்பு வீடு என்று அனுமதி வாங்கிவிட்டுக் காட்டேஜாக நடத்தும் கட்டடங்களுக்கு அதிகாரிகள் சீல் வைப்பது நீலகிரியில் புதிதல்ல. மசினகுடிப் பக்கம், யானை வழித்தடத்தில் இருந்த விடுதிகளுக்கு 2018இல் சீல் வைக்கப்பட்டது. அந்த வழித்தடத்தை 2020இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. குழந்தையோடும் பெரியவர்களோடும் வந்து இறங்கிய பிறகு பூட்டிய வாசலைப் பார்க்க நேரக் கூடாது.

நீலகிரிக்கு ஏறும் வண்டிகளுக்கான இ-பாஸ் எடுக்க மருமகனிடம் சொல்லிவிடு. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், சனி ஞாயிறுகளில் 8,000 வண்டிகள் என்று எண்ணிக்கையையும் கட்டுப்படுத்தினார்கள். ஆகையால் வார நாளில் ஏறுவதே நல்லது. சீசனில் ஊட்டி வண்டிகளைக் குன்னூர் வழியாக ஏற்றிக் கோத்தகிரி வழியாக இறக்குவது வழக்கம். எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பதைப் புறப்படும் முன் விசாரித்துக்கொள். சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களைச் சோதனைச் சாவடியிலேயே எடுத்துவிடுவார்கள்.

நாங்கள் தங்கிய வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். அவருடைய பெற்றோர், 1964ஆம் ஆண்டு சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கை மலையகத்திலிருந்து வந்து, அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயின் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். முதல் நாள் மாலையே சாரதாவிடம், "எண்ணெய்ப் பாத்திரத்தை ராத்திரி வெளியில வச்சிறாதீங்கம்மா, கரடி வந்துரும்" என்று சொன்னார். சொன்னபடியே மறுநாள் காலை பக்கத்து வீட்டுக் குப்பைத்தொட்டி கவிழ்ந்து கிடந்தது. காட்டுமாடுகளும் தேயிலைச் செடிகளுக்கு நடுவே வந்து நிற்கும். சாதுவாகத் தெரிகிறதே என்று படம் எடுக்க அருகே போக வேண்டாம் என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவை. பேரனை இருட்டிய பிறகு முற்றத்தில் விடாதீர்கள்.

சுற்றிப் பார்க்க நீண்ட பட்டியல் எதுவும் உனக்கு வேண்டாம். கன்னேரிமுக்கில், கோவை கலெக்டராக இருந்த ஜான் சலிவன் 1819இல் கட்டிய வீடு நினைவகமாக இருக்கிறது. வரலாற்றில் உனக்குள்ள ஆர்வத்துக்கு அங்கே அரை நாள் போதாது. மேகம் இல்லாத காலையில் கோடநாடு காட்சிமுனைக்குப் போ. கீழே மாயாறு வளைந்து ஓடுவதும் தெங்குமரஹாடாவின் வயல்களும் தெளிவாகத் தெரியும். மற்ற நாட்களில் வீட்டிலேயே இருங்கள். இரண்டு நாளில் பத்து இடம் பார்த்துவிட்டு இறங்குகிறவர்கள் மலைக்கு நெரிசலை மட்டுமே கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பத்து நாள் ஒரே வீட்டில் தங்கி, உழவர் சந்தையில் காய் வாங்கிச் சமைத்து, அந்த ஊர்க்காரர்களோடு நாலு வார்த்தை பேசுகிற குடும்பத்தால் அந்த ஊருக்கும் கொஞ்சம் பயன் உண்டு.

எங்களுக்கு வாடகைக்குக் கொடுத்தவரிடம் மே இரண்டாவது வாரத்துக்கு வீடு கிடைக்குமா என்று கேட்டிருக்கிறேன். மூன்று படுக்கையறைகள், உன் அம்மாவுக்குப் படி ஏற வேண்டியதில்லை, வாசல்வரை கார் போகும். எத்தனை பேர், எந்தத் தேதி என்பதை இந்த வாரத்துக்குள் எழுது. பிந்தினால் வேறு யாராவது எடுத்துவிடுவார்கள். மேலே ஏறும் முன் ஒருநாள் எங்கள் வீட்டில் தங்கித்தான் போக வேண்டும் என்று சாரதா சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
இராமநாதன்