லயத்துப் பிள்ளைகளுக்கு ஒரு துணை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

2000 ஒக்டோபர் 25 அன்று பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமுக்குள் கும்பல் புகுந்து தமிழ் இளைஞர்களைக் கொன்றது. மறுவாழ்வு தருவதாகச் சொல்லி அரசே கொண்டுவந்து வைத்த பிள்ளைகள் அவர்கள். பண்டாரவளையில் இருக்கும் எனக்கு, அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் இன்றும் மனம் கனக்கிறது.

அன்று அந்தப் பிள்ளைகளைக் காக்கத் தவறினோம்; இன்றைய பிள்ளைகளையும் கைவிடலாமா? இப்போது எங்கள் லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், சாதாரண தரப் பரீட்சையோடு (ஓ.எல்.) படிப்பை விட்டு, கொழும்புக் கடைகளுக்குப் போய்த் திரும்பும் பையன்கள் ஐஸ் என்ற போதைப்பொருளில் சிக்குகிறார்கள். பொலிஸ் பிடித்த பிறகுதான் ஊர் அவர்களைப் பார்க்கிறது. அதற்கு முன்பே மனம்விட்டுப் பேச ஒரு ஆள் வேண்டாமா? தமிழ் பேசும் உளவளத்துணையாளரும் தொழிற்பயிற்சி வகுப்பும் தோட்டத்துக்குள்ளேயே வரவேண்டும். பஸ் காசு போட்டு டவுனுக்கு வா என்றால் எந்தப் பிள்ளையும் வராது.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
பண்டாரவளை