கூரை இப்போதுதான் எங்கள் கைக்கு வருகிறது: நிதி அமைச்சுக்கும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களுக்கு,

கூரைச் சூரிய மின்சக்திக்கு அரசு வழங்கிவந்த சலுகைகள் அண்மைய ஆண்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாகக் குறைக்கப்பட்டதால் மலையகப் பெருந்தோட்ட மக்களுக்கு நேர்ந்திருப்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவரவே இம்மடலை எழுதுகிறேன். 2024 ஜனவரி முதலாந் திகதி பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமாக உயர்ந்தபோது, அதுவரை விலக்களிக்கப்பட்டிருந்த சோலார் பேனல்களும் அந்த வரிக்குள் கொண்டுவரப்பட்டன. 2025இன் நடுப்பகுதியில், புதிதாக இணைவோரின் கூரைகளிலிருந்து மின்சார சபை கொள்வனவு செய்யும் மின்சாரத்தில் அலகொன்றின் விலை ஏறத்தாழ 27 ரூபாவிலிருந்து, ஐந்து கிலோவாற்றுக்கு உட்பட்ட சிறிய தொகுதிகளுக்குக்கூட 20 ரூபா 90 சதமாக இறங்கியது. வாங்கும்போது விலை ஏறியும் விற்கும்போது விலை இறங்கியும் நிற்கும் இந்த நிலையில் முதலில் விலகிக்கொள்பவர்கள் கையில் சேமிப்பு இல்லாதவர்களே.

இந்த முடிவுகளுக்குக் காரணமே இல்லை என்று நான் வாதிட வரவில்லை. பேனல்களின் உலகச் சந்தை விலை பெரிதும் வீழ்ந்திருக்கிறது. திறைசேரியின் நிலை நாடறிந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஒரு ஞாயிறு முற்பகலில், நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டபோது, மின்சாரத் தேவை குறைந்த நேரத்தில் சூரிய மின்சாரம் மிகுந்திருந்தால் மின்கட்டமைப்பு எவ்வளவு எளிதில் தடுமாறும் என்பதையும் எல்லோரும் கண்டோம். (பாணந்துறை மின் உபநிலையத்தில் புகுந்த குரங்கின் மீது மட்டும் பழியைப் போட்டது வேறு கதை.) எனது முறைப்பாடு சலுகை குறைந்ததைப் பற்றியதன்று, யாருடைய முறை வந்தபோது அது குறைந்தது என்பதைப் பற்றியது.

கூரைச் சூரிய மின்சக்தியை ஊக்குவிக்கும் அரசின் ‘சூரியபல சங்கிராமய’ திட்டம் 2016இல் ஆரம்பமானபோது அதில் இணைவதற்கு ஒருவரிடம் இருக்கவேண்டிய முதல் பொருள் பணமன்று, கூரை. தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயன் அறையின் கூரைத் தகரம் தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமானது. அதன் கீழ் நான்கு தலைமுறைகளாக வாழ்பவருக்கு அதன்மேல் ஓர் ஆணி அடிக்கவும் உரிமை கிடையாது. ஆகவே கொழும்பிலும் கண்டியிலும் மாடிவீடு உள்ளவர்கள் இருபதாண்டு ஒப்பந்தங்களில் கையெழுத்திட்ட காலம் முழுவதும் தோட்டங்கள் அத்திட்டத்துக்கு வெளியிலேயே இருந்தன. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் முதலில் 4,000, அதன்பின் 10,000 என ஒதுக்கப்பட்ட வீடுகள், ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடியில் எழத் தொடங்கிய பின்னரே எங்களில் ஒரு பகுதியினருக்கு ‘எனது கூரை’ என்று சொல்லும் வாய்ப்பு வந்தது. அவர்களிலும் பலருக்குக் காணி உறுதி இன்னும் கைக்கு எட்டவில்லை. கூரை கிடைத்தவர்கள் விண்ணப்பத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்கிய வேளையில் கணக்கு மாறிவிட்டது.

அந்தக் கணக்கைத் தாங்களே போட்டுப் பார்க்கலாம். சிறியதொரு தொகுதியிலிருந்து மாதம் 150 அலகுகள் சபைக்குப் போகின்றன என்று வைத்துக்கொண்டால், புதிய விலையினால் குறைவது சுமார் 900 ரூபா. வங்கி அதிகாரிக்கு அது சிறு தொகை. கொழுந்து பறிப்பவருக்கோ நாட்சம்பளத்தில் பாதிக்கு மேல். அந்த 900 ரூபாதான் கடன் தவணையைக் கட்டலாமா, முடியாதா என்பதைத் தீர்மானிக்கிறது. 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் உயர்ந்த மின்கட்டணத்தைச் செலுத்திப் பழகிய குடும்பங்கள் இவை என்பதையும் சேர்த்தே எண்ணுங்கள்.

இங்கே வெயில் எங்கே என்று கேட்பீர்கள். தென்மேற்குப் பருவத்தில் ஹட்டனிலும் நோர்வூட்டிலும் பேனல் நனைந்தபடியே கிடக்கும் என்பது உண்மை. ஆனால் ஜனவரி முதல் மார்ச் வரை, காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களில் நீர்மட்டம் இறங்கி லக்சபான நீர்மின் நிலையத் தொடரின் உற்பத்தி சுருங்கும் மாதங்களில்தான் எங்கள் மலைகளில் வெயில் தெளிவாக அடிக்கிறது. பகலில் கூரையிலிருந்து வரும் ஒவ்வோர் அலகும் அணையில் தங்கும் நீராகி, மாலை ஆறரைக்குப் பின் நாடே விளக்கேற்றும் நேரத்துக்கு உதவும். தலவாக்கலையில் 150 மெகாவாற் மேல் கொத்மலை நீர்மின் நிலையத்துக்காக ஆற்றையும் சென் கிளேயர் அருவியின் நீரையும் விட்டுக்கொடுத்த ஊர்க்காரர்கள் இதைச் சொல்வதற்கு உரிமையுள்ளவர்கள் என்றே கருதுகிறேன்.

சலுகையை அவசரமாகப் பறிப்பது நம் நாட்டுக்கு மட்டும் உரிய பழக்கமன்று. அமெரிக்காவில் வீட்டுச் சூரிய மின்தொகுதிக்கான 30 வீத வரிச்சலுகை 2032 வரை முழுமையாக நீடித்து, அதன்பின் படிப்படியாகக் குறையும் என்று 2022இன் சட்டம் உறுதியளித்திருந்தது. 2025 ஜூலை 4ஆம் திகதி கையெழுத்தான சட்டம் அதனை அவ்வாண்டின் இறுதியோடு முடித்துவிட்டது. இத்தகைய திடீர் முடிவுத் திகதி கையில் பணமுள்ளவரை முந்தச் செய்கிறது. கடனுக்காக வங்கி வாசலில் நிற்பவரை அது வெளியே விட்டுவிடுகிறது. அந்த நாட்டில் அவர்களுக்கு வேறு வழிகள் இருக்கலாம், தோட்டத்தில் இல்லை.

ஏற்கெனவே கையெழுத்தான ஒப்பந்தங்களைத் தொடவேண்டும் என்று நான் கேட்கவில்லை. இரண்டு கிலோவாற்றுக்கு உட்பட்ட வீட்டுத் தொகுதிகளுக்கும், தோட்டப் பாடசாலை, கூட்டுறவுச் சங்கம் போன்றவற்றின் கூரைகளில் பல குடும்பங்கள் பங்கேற்கும் பொதுத் தொகுதிகளுக்கும் பெறுமதி சேர் வரி விலக்கை மீளவும் வழங்குங்கள். அத்தகைய பங்கேற்பின் வருவாயை ஒவ்வொரு குடும்பத்தின் மின்பட்டியலிலும் கழிக்கும் ஏற்பாட்டைச் செய்யுங்கள். காணி உறுதி இல்லாத வீடுகளுக்குக் கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழைப் போதுமானதாக ஏற்றுக்கொள்ளுங்கள். மின்கலத்தில் சேமித்து மாலையில் வழங்குவோருக்குக் கூடிய விலை தருவது நல்ல யோசனை; ஆயினும் மின்கலத்தின் விலையைத் தாங்கக்கூடிய தோட்டக் குடும்பம் ஒன்றை நான் அறியேன் என்பதால், அதற்கான சலுகைக் கடனும் கூடவே வரவேண்டும். இனி எந்தக் குறைப்பைச் செய்வதாயினும் குறைந்தது ஓராண்டுக்கு முன்னர் மும்மொழியிலும் அறிவித்து, அதுபற்றிய பொதுமக்கள் கருத்துக்கேட்பு அமர்வுகளில் ஒன்றையாவது நுவரெலியா மாவட்டத்தில் நடத்துங்கள்.

இப்படிக்கு,
ஹட்டனிலிருந்து ஒரு மின்பாவனையாளர்