சென்னையின் பழைய மைதானங்கள், விளையாட்டு பற்றிய 1865–1900 அரசு ஆவணங்களுக்குத் தனிப் பொருளடைவு கோரி மனு

அனுப்புநர்:
சென்னையின் பழைய மைதானங்கள், பொது இடங்கள் குறித்து ஆய்வு செய்வோரும் ஆவணப் பராமரிப்பு அறிந்தோரும்

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
தமிழ்நாடு ஆவணக் காப்பகம் மற்றும் வரலாற்று ஆராய்ச்சித் துறை,
எழும்பூர், சென்னை.

பொருள்: 1865–1900 காலத்து மைதானம், பூங்கா, விளையாட்டு தொடர்பான ஆவணங்களுக்குத் துறை கடந்த பொருளடைவு தயாரித்தல்; மின்னாக்கத்தை 1900இலிருந்து பின்னோக்கிச் செய்தல் – வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். பிரிட்டிஷ் ஆட்சியின் சென்னை அரசாங்கத்தில் விளையாட்டுக்கென்று ஒரு துறை கிடையாது. மைதானம் நிலக் கணக்கில் வந்தால் வருவாய்த் துறை. அதே மைதானம் கோட்டையை ஒட்டி இருந்தால் ராணுவத் துறை. பூங்கா என்றால் நகராட்சி, கூட்டம் கூடினால் போலீஸ், கட்டடம் எழும்பினால் பொதுப்பணி. அன்றைய எழுத்தர்கள் ஆண்டு அடைவுகளையும் இப்படியே துறைவாரியாகத் தயாரித்தார்கள். அவர்கள் வேலைக்கு அது போதும். இன்று ஒரே மைதானத்தின் வரலாற்றைத் தேடுகிறவர் ஐந்து துறைகளின் அடைவுகளை ஆண்டாண்டாகப் புரட்ட வேண்டியிருக்கிறது.

செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு வடக்கே இருந்த எஸ்பிளனேடு என்ற திறந்த வெளி இதற்கு நல்ல உதாரணம். 1758–59இல் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது, பக்கத்தில் இந்தியர்கள் வாழ்ந்த 'கறுப்பர் நகர' வீடுகளை மறைப்பாகப் பயன்படுத்தியது. அதனால் பிறகு கோட்டைக்கு வடக்கே வீடுகளை அகற்றி, பீரங்கிச் சூட்டுக்குத் தடையில்லாத வெளியாக வைத்தார்கள். அந்த வெளியின் எல்லையைக் காட்டிய 1773இன் தூண்களில் ஒன்று பாரிமுனையில் இன்னும் நிற்கிறது. சென்னை இந்தியர்களின் கிரிக்கெட்டுக்கு முன்னோடியான புச்சி பாபு 1888இல் தொடங்கிய மெட்ராஸ் யுனைடெட் கிளப் இந்த எஸ்பிளனேடில்தான் ஆடியது. சேப்பாக்கத்தில் 1865 முதல் ஐரோப்பியரின் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் இருந்தது. இந்தியர்கள் கூடி ஆட இந்த வெளிதான் வாய்த்தது. அடுத்த சில ஆண்டுகளிலேயே எஸ்பிளனேடின் ஒரு பகுதியில் உயர் நீதிமன்றம் எழும்பி 1892இல் திறக்கப்பட்டது. ஆக, இந்த ஒரு வெளிக்கான காகிதங்களை ராணுவம், வருவாய், பொதுப்பணி, நீதித் துறைகள் எல்லாவற்றிலும் தேட வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு: 1895 ஏப்ரலில் சென்னை ராணுவம் இந்திய ராணுவத்தோடு இணைக்கப்பட்டது. அதற்குப் பிந்தைய ராணுவத் தாள்களுக்கு டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தையும் பார்க்க வேண்டும் என்ற குறிப்பு அடைவிலேயே இருந்தால் பலருடைய அலைச்சல் மிச்சமாகும்.

பீப்பிள்ஸ் பார்க்கும் அப்படியே. இன்றைய நேரு ஸ்டேடியமும் ரிப்பன் மாளிகையும் அந்தப் பூங்கா நிலத்தில் எழுந்தவை. 1886 டிசம்பர் 31 அன்று அங்கே நடந்த சந்தையில் பற்றிய தீயில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். அதைத் தேட போலீஸ், நகராட்சி இரண்டின் தொகுதிகளும் வேண்டும். பக்கத்திலேயே விக்டோரியா பப்ளிக் ஹாலுக்கு 57 கிரவுண்டு நிலம், கிரவுண்டுக்கு எட்டணா வாடகையில், 1888 ஏப்ரல் 1 முதல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. இத்தகைய குத்தகைகளின் நிபந்தனைகள் ஆராய்ச்சியாளருக்கு மட்டும் உரியவை அல்ல. பொது நிலம் யாருடைய கையில், எதற்காக இருக்கிறது என்று கேள்வி எழும் ஒவ்வொரு முறையும் அரசுக்கே தேவைப்படுபவை.

எனவே பொருளடைவில் ஒவ்வொரு பதிவுக்கும் இடத்தின் பெயர், துறை, ஆணை எண், முழுத் தேதி, தொகுதி, வரைபடம் உண்டா இல்லையா என்ற ஆறும் இருக்க வேண்டும். எண் மட்டும் போதாது. ஒரே எண் வெவ்வேறு துறையிலும் வெவ்வேறு ஆண்டிலும் வரும். அன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டல் சீரானதல்ல என்பதால், ஒரே இடத்துக்கு வழங்கிய எல்லா வடிவங்களையும் ஒரே தலைப்பில் சேர்க்க வேண்டும். ஆட்களுக்கும் இது பொருந்தும். புச்சி பாபு என்பது வழங்கு பெயர். மோதவரப்பு வெங்கட மகிபதி நாயுடு என்ற முழுப் பெயரிலும் தேட வழி வேண்டும்.

அடுத்தது மின்னாக்க வரிசை. பழையதை முதலில் எடுப்பதே வழக்கம். இந்தக் காலப் பகுதிக்கு அது தலைகீழ். 1865ஐ ஒட்டிய தாள்களில் பெரும்பாலும் கந்தல் நார் உண்டு, மடித்தாலும் தாங்கும். 1880களுக்குப் பிறகு மரக்கூழ்த் தாள் பெருகியது. அதில் சேர்த்த படிகாரத்தின் அமிலம் நாரைத் தின்கிறது. தாளின் மூலையை இருமுறை மடித்தால் உதிர்ந்துவிடும் நிலை. செய்தித்தாள்கள் இன்னும் மோசம். ஆகவே 1900இல் தொடங்கிப் பின்னோக்கி வருவதே சரி.

படம் எடுக்கும்போது தாள் ஊட்டும் ஸ்கேனரையோ தட்டைக் கண்ணாடி ஸ்கேனரையோ தவிர்க்க வேண்டும். கண்ணாடியில் கவிழ்த்து அழுத்தினால் முதுகுத் தையல் விட்டுப்போகும். 'வி' வடிவத் தொட்டிலில் 100 பாகைக்கு மேல் விரிக்காமல், மேலிருந்து, அங்குலத்துக்கு 400 புள்ளி அடர்த்தியில் எடுக்கலாம். ஃபூல்ஸ்கேப் பக்கம் ஒன்று சுருக்காத டிஃப் (TIFF) படக் கோப்பாகச் சுமார் 55 எம்.பி. வரும், 500 பக்கத் தொகுதிக்கு ஏறக்குறைய 27 ஜி.பி. என்று சேமிப்பிடத்தைக் கணக்கிட வேண்டும். வாசகருக்குச் சிறிய பிடிஎஃப் போதும்.

இதில் மிக அதிகமாகக் கெடுவது வரைபடங்கள்தான். நில ஒதுக்கீட்டுத் தாள்களின் கடைசியில் எல்லைப் படம் மடித்துத் தைக்கப்பட்டிருக்கும். அவசரத்தில் மடிப்பைப் பிரிக்காமல் படமெடுத்தால், எல்லைக்கோடு எங்கே முடிகிறது என்பதே தெரியாமல் போய்விடும். காகிதப் படமானால் ஈரப்பதக் கூண்டில் வைத்து மெல்லப் பிரிக்கலாம். ட்ரேசிங் துணியில் வரைந்த படத்துக்கு அது ஆகாது. துணியின் மேலுள்ள கஞ்சிப் பூச்சு ஈரத்தில் இளகி, கோடுகள் கலைந்துவிடும். அதை உலர்ந்த நிலையிலேயே கண்ணாடிக் கட்டைகளால் ஓரங்களை அழுத்தி விரிக்க வேண்டும். இரும்பு மசியில் கையால் எழுதிய ஓரக் குறிப்புகளுக்கும் ஈரம் பகை. அளவுகோல் ஒன்றை ஒவ்வொரு வரைபடத்தின் பக்கத்திலும் வைத்தே படமெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னாளில் நில அளவையோடு பொருத்திப் பார்க்க முடியாது.

முழு வேலையையும் ஒரே மூச்சில் கேட்கவில்லை. முதற்கட்டமாக எஸ்பிளனேடு, பீப்பிள்ஸ் பார்க் இரண்டுக்கு மட்டும் 1880–1900 காலத்துக்கான அடைவைத் தயாரிக்க ஆணையிடவும், அந்த அடைவில் வரும் வரைபடங்களை மற்றப் பக்கங்களுக்கு முன்பே படமெடுக்கவும் வேண்டுகிறோம். ஆங்கிலக் கையெழுத்தைப் படித்துப் பதிவு செய்யும் வேலைக்கு, காப்பக அலுவலர் மேற்பார்வையில், ஊதியமின்றி வர எங்களில் பலர் ஆயத்தமாக இருக்கிறோம். தேடுவதற்கான இடப்பெயர்ப் பட்டியலை இத்துடன் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள்

இணைப்பு: இடப்பெயர்களும் அவற்றின் எழுத்துக்கூட்டல் வடிவங்களும் – ஒரு படி