பின்னி மில் பக்கம் கேமராவோடு வருகிறவர்களுக்கு

அன்புள்ள புகைப்பட நண்பர்களே,

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வடசென்னையில் பட்டாளம், ஓட்டேரி, புளியந்தோப்பு என்று கூட்டமாக நடந்து கருப்பு வெள்ளையில் படமெடுக்கிறீர்கள். பதினைந்து வருடமாக நானும் இதே தெருக்களை அப்படித்தான் எடுக்கிறேன். என் தாத்தா பின்னி மில்லில் தறி ஓட்டியவர். அந்த உரிமையில் கேட்கிறேன்: எங்கள் பேட்டையைச் செத்துப்போன ஊராகக் காட்டாதீர்கள்.

போன வருடம் பக்கத்துத் தெருப் பாட்டி ஒருவர் டிரங்குப் பெட்டியைத் திறந்து, வீட்டுக்காரர் மில்லிலிருந்து கொண்டுவந்த காக்கித் துணியைக் காட்டினார். ஓரம் பிரியாத, கெட்டி நெசவு. ஜன்னல் வெளிச்சத்தில் அவர் மடியில் விரித்து வைத்து எடுத்தேன். பிரிண்ட் போட்டுக் கொடுத்தபோது விரலால் தடவிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குப்பா. காக்கி எங்க?" என்றார். ராணுவத்துக்கும் போலீசுக்கும் காக்கி நெய்து பேர் வாங்கிய மில் அது. என் படத்தில் அந்தத் துணியும் பின்னாலிருந்த சுவரும் ஒரே சாம்பல். மறுவாரமே கலர் ரோல் போட்டுக்கொண்டு போனேன். இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் கலரில் ஒன்றாவது எடுக்காமல் திரும்புவதில்லை.

கருப்பு வெள்ளையை விடச் சொல்லவில்லை. எனக்கு அது உயிர். ஆனால் அது செய்வதைத் தெரிந்து செய்யுங்கள். சிவப்பு ஃபில்டர் மாட்டினால் வானம் கறுக்கும், செங்கல் வெளுக்கும், போன மழைக்குப் படர்ந்த பச்சைப் பாசி நூறு வருடக் கறைபோல் நிற்கும். அதோடு, டெலிவரி பையனின் வண்டி கடந்து போகும்வரை காத்திருந்து வெறும் சுவரை எடுக்கிறோம். மில் நிலத்தில் எழும்பியிருக்கும் அடுக்குமாடி ஃபிரேமுக்குள் வராதபடி ஒதுங்கி நிற்கிறோம். மில் 1996-இல் மூடியது. அதற்குப் பிறகு இங்கே பிறந்தவர்களுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களையும் எடுங்கள்.

படத்துக்குக் கீழே 'வடசென்னை' என்று மட்டும் போடாதீர்கள். தெருப் பெயர், தேதி, அங்கே நடந்தது எல்லாம் வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு விட்ட அரை மணி நேரம் போதவில்லை என்ற குறையையும் சேர்த்துக்கொண்டு, 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது இந்த மில் தொழிலாளிகளால்தான். சங்கத்தின் முதல் தலைவரான பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் அதில் நின்றார்கள். மூன்றே வருடத்தில், 1921 வேலைநிறுத்தத்தின்போது, ஒரே கூடத்தில் வேலை செய்தவர்கள் சாதியால் பிரிந்து புளியந்தோப்பில் வீடுகள் எரிந்தன. தாத்தா காலத்துக்கு முந்தைய கதைதான். ஆனாலும் எங்கள் வீட்டில் அதைத் தணிந்த குரலில்தான் பேசுவார்கள். சுவரை எவ்வளவு கூர்மையாக ஃபோகஸ் செய்தாலும் இது தெரியாது. எழுதினால்தான் உண்டு.

முகம் எடுத்தால் பிரிண்ட் கொண்டுவந்து கொடுங்கள். போனில் அனுப்பினால் பேரன் பார்ப்பான், பாட்டி பார்க்கமாட்டார். எட்டுக்குப் பத்து அங்குலமாவது போடுங்கள். அதற்குக் குறைந்தால் அவர் கண்ணுக்குப் பிடிபடாது.

அன்புடன்,
ஓட்டேரிக்காரன் ஒருவன்