ஆண்டறிக்கை: தரங்கம்பாடி வீட்டில் இந்த வருடம் நடந்ததும் நடக்காததும்

டேனியர் (டென்மார்க்காரர்) காலத்து இந்த வீட்டைக் காக்கும் நம் சங்கத்து உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். போன வருட அறிக்கையைப் பாதியிலேயே நிறுத்தச் சொல்லி தலைவர் சைகை காட்டியது நினைவிருப்பதால், இந்த முறை எழுதியே கொடுத்துவிடுகிறேன், வீட்டில் உட்கார்ந்து படித்துக்கொள்ளுங்கள். வரவு செலவு பொருளாளர் தாளில் இருக்கிறது, நான் அதற்குள் போகவில்லை.

வழக்கம்போல ஜூலை 9-இல் ஆரம்பித்தோம். 1706-இல் அந்த நாளில்தான் ஜெர்மன் மதபோதகர்களான சீகன்பால்கும் புளூட்சோவும் நம் கரையில் இறங்கினார்கள். அதையொட்டி முன்கூடத்தில் அச்சுக் கண்காட்சி. ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713-இல் இங்கே வந்து சேர்ந்தபோது அவை மிகப் பெரிதாக இருந்தன. காகிதமோ கப்பலில் வந்தால்தான் உண்டு. அந்த எழுத்தில் புதிய ஏற்பாடு முழுவதையும் அச்சடித்தால் காகிதம் எங்கே போதும்? அதனால் இங்கேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். அதற்கு ஈயம் கிடைக்காமல், இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி வந்த ஈய உறைகளை உருக்கியதாக ஒரு கதை உண்டு. 1715-இல் புத்தகம் முழுமையாக வெளிவந்தது, காகிதத்துக்குப் பொறையாரில் ஆலையும் வைத்தார்கள். இத்தனையையும் எட்டு ஃபிளெக்ஸ் பலகைகளில் பொடி எழுத்தில் அச்சடித்து மாட்டினோம். எழுதியது நான். வந்தவர்கள் பலகைக்குப் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு கோட்டைப் பக்கம் போய்விட்டார்கள். முதல் பலகையைத் தாண்டி யாராவது படித்தார்களா என்று இரண்டு நாள் ஓரமாக நின்று பார்த்தேன். ஒருவர் படித்தார், அவரும் எழுத்துப் பிழை கண்டுபிடிக்கத்தான்.

கூட்டம் சேர்ந்தது பின்கட்டில். மயிலாடுதுறையில் நாற்பது வருடம் அச்சுக்கோத்த பெரியவர் ஒருவர் பழைய கேஸ் (எழுத்துகளைப் பிரித்துப் போடும் தட்டு) இரண்டையும் ஒரு பை நிறைய ஈய எழுத்தையும் கொண்டுவந்திருந்தார். பிள்ளைகள் தங்கள் பெயரைத் தாங்களே கோத்து, மை தடவி, தாளில் அழுத்தி எடுக்க வேண்டும். எழுத்து இடவலம் மாறித் தெரியும் என்பதே அவர்களுக்குப் பாதி வேடிக்கை. லைலா என்று ஒரு பெண் குழந்தை, தன் பெயரைக் கோக்கப்போனால் அந்தக் கேஸில் இருந்த ‘லை’ இப்போதைய லை இல்லை, தும்பிக்கை மேலே சுருண்ட பழைய லை. “தாத்தா, இது தப்பா இருக்கு” என்றாள். “நான் தொழில் கத்துக்கிட்டப்ப இதுதாம்மா சரி” என்றார் அவர். 1978-இல் அரசாணை வந்து எழுத்து மாறியது, அப்போது பல அச்சகங்களில் பழையதை உருக்கிவிட்டார்கள், தான் மட்டும் ஒரு டப்பாவில் எடுத்து வைத்தது என்று அவர் சொல்லச் சொல்ல, பிள்ளைகளை அழைத்து வந்த பெற்றோரெல்லாம் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். என் எட்டுப் பலகைகளும் செய்யாததை அந்த ஒரு லை செய்தது.

இதைத்தான் இந்த அறிக்கை முழுக்கச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கண்காட்சிக்கு வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள், பட்டறைக்கு நம் தெருக்காரர்கள் வருகிறார்கள். நாம் இதுவரை பணத்தைக் கொட்டியது முதலாவதில்.

அடுத்தது செப்டம்பரில் பனை ஓலைக் கூடை. சொல்லிக்கொடுக்க வந்த அம்மா மீனவர் குடியிருப்பிலிருந்து வந்தவர். குருத்தோலையை ஈர்க்கு நீக்கி, நிழலில் வாட்டி, ஒரே அகலத்துக்கு வார்ந்து, பின்னுவதற்கு முன் தண்ணீர் தெளித்து வைக்க வேண்டும். இந்த முன்வேலையைக் கற்கவே ஒரு முற்பகல் ஆனது, மாலையில் கைக்கு வந்தது ஆளுக்கொரு கோணல் கொட்டான். முடித்துவிட்டு அந்த அம்மா கூடத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே, “அம்பது வருஷமா இந்த வாசலைத் தாண்டித்தான் மீன் விக்கப் போறேன், உள்ளே வான்னு யாரும் கூப்பிட்டதில்லை” என்றார். நான் பதில் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருந்தது?

சுண்ணாம்புப் பட்டறையில் நடந்த குளறுபடிக்கு முழுப் பொறுப்பும் நான்தான். ஐப்பசியில் தேதி குறித்தேன். கொத்தனார் ஐயா போனில் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. “அடைமழையில பூச்சு நிக்குமா சார், உங்க அறிக்கை வேணா நிக்கும்.” சரி என்று மாசிக்குத் தள்ளினோம்.

தள்ளியது நல்லதுக்குத்தான். மேற்குச் சுவரில் பழைய பூச்சின் மேல் யாரோ எப்போதோ சிமெண்ட் பூசியிருந்தார்கள் அல்லவா, மழை முடிந்ததும் அதன் ஓரமெல்லாம் உப்புப் பூத்து, பாளம் பாளமாகக் கழன்று விழுந்தது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும், சிமெண்ட் அதன் வாயை அடைத்துவிடும், அப்புறம் கடற்காற்றின் உப்பு உள்ளேயே தங்கிச் செங்கல்லைத் தின்னும். இதை நான் மூன்று வருடமாகக் கூட்டத்தில் சொல்லி யாரும் கேட்கவில்லை, கழன்ற பாளத்தைக் கையில் பிடித்ததும் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி ஊறவைத்து, மணல் சேர்த்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை விட்டுப் பிசைந்து, பன்னிரண்டு பேர் மூன்று நாளில் ஒரு ஆள் உயரச் சுவரைப் பூசினோம். கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் கரண்டி பிடிப்பதில் நன்றாகத் தேறினார்கள். எனக்கு உள்ளங்கை வெந்ததுதான் மிச்சம், அடுத்த முறை கையுறை வாங்க வேண்டும்.

நடக்காதது கலம்காரிப் பட்டறை, துணியில் கையால் வரைந்து சாயமேற்றும் வேலை. ஜனவரியில் துணிக் கண்காட்சி வைத்தோம். சோழமண்டலக் கரையின் சாயத் துணிக்காகத்தான் கப்பல்கள் வந்தன என்பதைக் காட்ட, புவிசார் குறியீடு பெற்ற கருப்பூர் கலம்காரித் தொம்பையும் (உருளை வடிவத் துணித் தொங்கல்) தோரணமும் தொங்கவிட்டோம். அதோடு அரை நாள் பட்டறையும் வைக்கலாம் என்று ஒரு கைவினைஞரைக் கேட்டோம். கடுக்காயும் எருமைப் பாலும் சேர்த்துத் துணியைப் பக்குவப்படுத்தி, காயவைத்து, வரைந்து, ஓடுகிற தண்ணீரில் அலசி, திரும்பச் சாயத்தில் போட்டு எடுக்க எத்தனை நாள் ஆகும் தெரியுமா, இது மெஹந்தி இல்லை என்று மறுத்துவிட்டார். அவர் சொன்னது நியாயம். ஒரு வாரமும் தங்குமிடமும் முழுக் கூலியும் கொடுத்துக் கூப்பிட வேண்டும்.

சுனாமி நினைவு நாளான டிசம்பர் 26 அன்று எந்த நிகழ்ச்சியும் வைக்கவில்லை, கதவைச் சாத்திவிட்டுக் கடற்கரைக்குப் போனோம்.

போன பொதுக்கூட்டத்தில் இளைஞர் ஒருவர், டேனியர் வீட்டை நாம் ஏன் காப்பாற்ற வேண்டும் என்று கேட்டார். சிலர் முகம் சுளித்தார்கள், கேள்வியில் தப்பொன்றும் இல்லை. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டேனியருக்கு இடம் கொடுத்தார், 1845-இல் அவர்கள் இந்த ஊரை வங்காளத்துச் செராம்பூரோடு சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள், ஊர்க்காரர்கள் யாரையும் கேட்கவில்லை. ஆனால் செங்கல்லை அடுக்கியதும் சுண்ணாம்பு அரைத்ததும் உத்தரம் தூக்கியதும் யார்? அந்தக் கைகளைப் பற்றி நம் பலகைகளில் ஒரு வரிகூட இல்லை என்பது அவர் கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. அவரையே அடுத்த வருடக் காட்சிக் குழுவில் சேர்த்திருக்கிறேன். கோபமாகத்தான் ஒப்புக்கொண்டார்.

ஆகவே செயற்குழு முன்வைக்கும் தீர்மானம்: வரும் வருடம் கண்காட்சி ஒன்று போதும், பலகை நான்குக்கு மேல் வேண்டாம், மிச்சப் பணம் சுண்ணாம்புக்கும் கலம்காரிக்கும். சொல்லிக்கொடுக்க வருபவர்களுக்குப் பொன்னாடைக்குப் பதில் அன்றைக்கே கையில் கூலி. பொன்னாடை போட்டு அனுப்பிய பழைய கணக்கைப் பொருளாளரிடம் கேட்டால் உங்களுக்கே வெட்கமாக இருக்கும். எதிர்ப்பவர்கள் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள், டீக்கடையில் வேண்டாம்.

யார் வீட்டுப் பரணிலாவது பழைய ஈய எழுத்தோ கேஸோ கிடந்தால் எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பெரியவரிடம் ‘ணை’ இரண்டுதான் இருக்கிறதாம்.

கூட்டம் முடிந்ததும் பின்கட்டில் டீயும் போண்டாவும் உண்டு. மேற்குச் சுவரில் யாரும் சாய வேண்டாம், கடைசிக் கைப் பூச்சு இன்னும் காயவில்லை.